இரண்டு பேருக்கு ஒரு பேஸ்

ஒரு மனிதனுக்கு இவ்வளவு மூச்சு என்று பிறக்கும்போதே அளந்து கொடுத்துவிடுகிறார்கள் என்று எங்கள் வீட்டில் அப்போது நம்பினோம். ஓடுகிறவனுக்கும் கத்திப் பேசுகிறவனுக்கும் அது சீக்கிரம் தீரும். கோபக்காரனுக்கு இன்னும் சீக்கிரம். பேஸ் ஊதுகிறவனோ தன் பங்கை மூட்டை மூட்டையாகத் தெருவில் கொட்டிக்கொண்டு போகிறான். என் அம்மா இதை வாதமாகச் சொன்னதில்லை. அரிசி ஊறிவிட்டது என்று சொல்வதுபோல் சொல்வார். அப்பா வாசித்துவிட்டு வந்த நாட்களில் கூடுதலாக ஒரு முட்டை அவித்து வைப்பார். செலவானதில் கொஞ்சமாவது திரும்பட்டும் என்பது அவருடைய கணக்கு.

பேண்டு வாத்தியத்தில் ஆகப் பெரிய பித்தளைக் குழலுக்குத்தான் பேஸ் என்று பெயர். உட்கார்ந்து வைத்துக்கொண்டால் மடி நிறைந்துவிடும். ஊர்வலத்தில் தோல்வாரில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பாட்டை வாசிக்கும்; பேஸ் பாட்டை வாசிப்பதில்லை, பாட்டுக்குக் கீழே நிற்கும். கல்யாண வீட்டில் யாரும் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. அது நின்றுபோனால் மட்டும், என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

என் அப்பா புதுக்கோட்டை சமஸ்தானத்து பேண்டில் பேஸ் ஊதியவர். அவர் பக்கத்தில் நின்று இன்னொருவரும் ஊதினார். அறந்தாங்கிக்காரர், முஸ்லிம், அப்பாவுக்குச் சற்று இளையவர். அம்மா அவரை ‘அண்ணே’ என்று அழைத்ததால் எனக்கு அவர் மாமா, அப்பாவுக்கு மச்சான். அவர் அப்பாவை ‘மாப்ளே’ என்றுதான் கூப்பிடுவார். ரத்தத்தில் இல்லாத உறவு என்று எனக்குத் தெரிந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று வகுப்புத் தாண்டியிருந்தேன். தெரிந்ததும் ஒன்றும் மாறவில்லை.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, பேண்டு கலைந்தது. அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் கடைநிலை வேலை ஒன்று கிடைத்தது. மாமா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை சைக்கிள் கடை வைத்தார். நல்ல வாத்தியங்களெல்லாம் கட்டி அனுப்பப்பட்டுவிட்டன. நெளிந்து, கறுத்து, உதிரிப் பாகத்துக்காக மூலையில் போட்டிருந்த ஒரு பழைய பேஸ் மட்டும் மிஞ்சியது. உங்கள் இருவரில் யாருக்கு வேண்டும் என்று பேண்டு மாஸ்டர் கேட்டாராம். அப்பா மாமாவைக் கைகாட்டினார். அதே நேரத்தில் மாமா அப்பாவைக் கைகாட்டினார். மாஸ்டருக்கு அன்று பொறுமை இல்லை. “ரெண்டு பேரும் எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து இரண்டு பேருக்கு ஒரு பேஸ். பழைய பேண்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஒரு செட்டு ஆரம்பித்தார்கள். செட்டுக்கு ஒரு பேஸ் போதும். ஒரு முகூர்த்தம் அப்பாவுக்கு, அடுத்த முகூர்த்தம் மாமாவுக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். குழல் வீடு மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் வாய் வைத்து ஊதும் கிண்ணம், அவர்கள் மொழியில் மவுத்பீஸ், ஆளுக்கொன்று. அது மட்டும் கை மாறாது. அப்பா தன்னுடையதை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். மாமா தன்னுடையதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பஞ்சர் ஒட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். முற்றத்தில் கோணிச்சாக்கு விரித்து, குழலைப் படுக்கவைத்து, இருவரும் அதன் இருபுறமும் உட்கார்வார்கள். அந்தக் குழலுக்கு அவர்கள் செய்த சீர்திருத்தங்களை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் அதன் வால்வுகளுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டார்கள். மார்கழியில் எண்ணெய் உறைந்து வால்வு இறங்க மறுத்தது. பிறகு மண்ணெண்ணெய், அது வழுக்கியது, ஆனால் ஊதுகிறவருக்குத் தலை சுற்றியது. கடைசியில் மாமா தையல் மெஷின் எண்ணெயைக் கண்டுபிடித்தார். அந்த வாரம் முழுவதும் அவர் நடையே மாறியிருந்தது. ஊதும்போது சேரும் எச்சில் நீரை வடிக்க ஒரு சிறிய மூடி இருக்கும். அதன் கார்க்கு தேய்ந்ததும் சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டி ஒட்டினார். பழைய கம்பளிக் கோட்டிலிருந்து வால்வுக்கு மெத்தை வந்தது. தளர்ந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக எதையோ முறுக்கி வைத்தார். வாடகைக்கு விடும் சைக்கிள்களில் ஒன்று அதற்குப் பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்று அப்பா சொல்வார். மாமா மறுக்கமாட்டார்.

“அந்த சைக்கிளை நான் போலீசுக்குத்தான் குடுப்பேன்” என்பார்.

கைகள் துடைத்துக்கொண்டிருக்க, வாய்கள் சண்டை போட்டன. சமஸ்தானத்தில் வெள்ளைக்காரர் பாணி அணிவகுப்பு இசைதான் பெரும்பாலும்; பேஸ் எதை ஊதவேண்டும் என்று தாளில் எழுதியிருக்கும். கல்யாண வீட்டிலோ கீர்த்தனை கேட்டார்கள், சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். அதற்கெல்லாம் பேஸுக்கு எழுதி வைத்தவர் யாருமில்லை. கீழே என்ன செய்வது என்பதை இவர்களே முடிவு செய்யவேண்டியிருந்தது. ஸட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கவேண்டும், தரை நகரக்கூடாது என்பது அப்பாவின் கட்சி. பாட்டு நடக்கும்போது கூடவே நடக்காவிட்டால் அது வாத்தியமா, அம்மிக்கல்லா என்பது மாமாவின் கட்சி.

சினிமாப் பாட்டு என்றால் டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு வருவார்கள். அந்த ரேடியோவில் அடிச் சத்தம் துளியும் வராது. தகரத்தைத் தட்டுவதுபோல் மேல் சத்தம் மட்டும் வரும். ஆகவே இருவரும் தங்களுக்குக் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் மாலை முழுவதும் வாதிட்டார்கள்.

“ரெண்டாவது வரியிலயும் நின்ன எடத்துலயே நிக்கிறான் மச்சான். எங்க எறங்குறான்?”

“எறங்குறான் மாப்ளே. எறங்கி ஒரு குதி குதிக்கிறான். எனக்குக் கேட்டுச்சு.”

“ஒனக்கு எப்பிடிக் கேக்கும்? அந்த நேரம் நீ பஜ்ஜிக்குச் சட்னி கேட்டுக்கிட்டுல்ல இருந்த.”

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன், பக்கம் நகராது. அம்மாவுக்கு அந்தக் குழல்மீது கோபம் இல்லை. ஆனால், மாதாமாதம் சம்பளம் வருகிறது, நிலத்தில் கொஞ்சம் நெல் வருகிறது, இனி எதற்காக அந்த மனிதர் மூச்சைக் கொட்டவேண்டும் என்ற கேள்வி அவரிடம் எப்போதும் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுவார். அப்பா, “சரி, பார்ப்போம்” என்பார். அது ‘இல்லை’ என்பதற்கு அவர் வைத்திருந்த மரியாதையான சொல்.

நான் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலத்தில் குழலில் காற்றுப் போக ஆரம்பித்தது.

அப்பா ஊதினால், கீழ் ஸ்வரங்களில் சத்தத்தோடு கூடவே ‘உஸ்’ என்று ஒன்று வந்தது. முதலில் லேசாக, பிறகு எனக்கே தெளிவாகக் கேட்கும்படி. மாமா குழலை வாங்கி, தன் மவுத்பீஸைப் பொருத்தி ஊதிப் பார்த்தார். அவருக்கும் ‘உஸ்’ என்றது.

“எங்கயோ காத்துப் போகுது மாப்ளே” என்றார்.

அப்பாவின் முகம் தெளிந்தது. குழலில் கோளாறு என்றால் அதைச் சரிசெய்ய இரண்டு பேர் இருக்கிறார்கள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வைத்தியம் நடந்தது. ரப்பரை மாற்றினார்கள். மூட்டுகளில் தேன்மெழுகு தடவினார்கள். பித்தளைப் பாத்திரம் செய்யும் கன்னார் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு இடங்களில் ஈயம் வைத்துவந்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அப்போதுதான் மாமா, பஞ்சர் பார்ப்பதுபோல் பார்த்துவிடலாம் என்றார். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நீர்க்கொப்புளம் வருமல்லவா, அதே முறை.

எங்கள் மாட்டுத் தொட்டியைக் கழுவி நிரப்பினோம். குழலின் அகன்ற வாயைப் பழந்துணியாலும் ரப்பராலும் இறுக்கிக் கட்டி, பகுதி பகுதியாக நீரில் அமுக்கினார்கள். மவுத்பீஸ் வழியாக அப்பா மெல்ல ஊதிக்கொண்டிருக்க, மாமா தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்துப் பார்த்தார். நானும் மறுபக்கம் குனிந்தேன். எங்கள் பசு தன் தொட்டியில் நடப்பதைப் பார்த்தபடி கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

“அந்தா, ஒண்ணு வருது” என்றார் மாமா.

“எங்கிட்டு?”

“இங்கிட்டு, வளைவுக்கு அடியில. பாத்தியா ஆத்தா?” என்று என்னைக் கேட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஆடியதில் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்து, பார்த்தேன் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்தேன். அந்த வளைவுக்கு அடியில் அன்று ஈயம் வைத்தார்கள். அடுத்த ஞாயிறு வேறொரு வளைவில் கொப்புளம் வந்தது.

அந்த வைகாசியில் இலுப்பூரில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்குக் கல்யாணம். அப்பாவுக்கு ஆபீசில் ஜமாபந்திக் கணக்கு வேலை, லீவு கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் மட்டும் பஸ்ஸில் போனோம். வாசிக்க வந்தது எங்கள் செட்டுதான்; முறை மாமாவுடையது. காலையில் சீர்வரிசைத் தட்டுகள் ஊர்வலமாகக் கிளம்பின. நானும் அம்மாவும் ஆளுக்கொரு தட்டுடன் பேண்டுக்குப் பின்னால் நடந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா நின்றுவிட்டார். பின்னால் வந்த பெண்ணின் பழத்தட்டு அவர் முதுகில் இடித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. குழலின் கீழ்ச் சத்தம் வழவழவென்று தெருவில் உருண்டு வந்துகொண்டிருந்தது. அதில் ‘உஸ்’ என்பது மருந்துக்கும் இல்லை. பல வருடங்கள் அடுப்படியிலிருந்தே கேட்ட காது அது. அதை ஏமாற்ற முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு, சமையல் பந்தலுக்குப் பின்னால் மாமா தனியாக நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார்.

“அண்ணே, கொழல்ல இன்னிக்குக் காத்துப் போகலையே.”

“போன வாரம் ரப்பர் மாத்துனோம்ல தங்கச்சி. அதுல சரியாயிருச்சு போல.”

“மாத்துனதுக்கு அப்புறமும் போச்சு. நான் அங்கனதான் உக்காந்திருந்தேன். அவருக்கும் போச்சு, ஒங்களுக்கும் போச்சு.”

மாமா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “கொழல்ல எப்பவுமே போகலை தங்கச்சி” என்றார்.

அம்மா காத்திருந்தார்.

“மாப்ளைக்கு மேல் பல்லு ரெண்டு ஆடுது. ஒதட்டைத் தாங்கிப் பிடிக்க பல்லு வேணும். அது ஆடுனா காத்து ஓரமா வழியும். எனக்கு மொத நாளே தெரிஞ்சு போச்சு.”

“அப்ப நீங்க எதுக்கு அப்பிடி ஊதுனீங்க?”

“நான் சுத்தமா ஊதிட்டா, குத்தம் அவர் மேலதான்னு ஆயிரும்ல? கொழல்ல கோளாறுன்னா, சரி பண்ணிக்கலாம்னு ஊதிக்கிட்டே இருப்பாரு. தன் வாய்லதான் கோளாறுன்னு தெரிஞ்சா அன்னிக்கே எறக்கி வச்சிருவாரு. எனக்குத் தெரியாதா அவரை?”

“தொட்டித் தண்ணியில கொப்புளம் வருதுன்னு சொன்னீங்களே அண்ணே.”

“சொன்னேன். அதுக்கு அல்லாஹ்தான் என்னை மன்னிக்கணும்.” கொஞ்சம் யோசித்து, “ஒங்க மாடும் மன்னிக்கணும்” என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. “அவர் எறக்கி வச்சிட்டா கொழல் முழுசா ஒங்களுக்குத்தானே?”

“வந்து? ஞாயித்துக்கெழம யாரு கூட நான் சண்டை போடுறது?”

ஊர் திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தே வந்தார். அவர் இத்தனை வருடங்களாகக் கேட்டது இப்போது அவர் கையில் இருந்தது. ‘கோளாறு பல்லில்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா நிறுத்திவிடுவார். யாரும் அம்மாவைக் குறை சொல்ல முடியாது, உண்மையைத்தானே சொன்னார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவும் அவர் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு வைக்கும் முறுக்கை உரலில் இடித்து, தூளாக்கி, கிண்ணத்தில் வைக்கத் தொடங்கினார். அப்பா ஒன்றும் கேட்காமல் அதைத் தின்றார்.

அதற்கடுத்த ஞாயிறு மாமா வந்தபோது, அப்பா குழலைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“கன்னார் வீட்டுக்குப் போறேன் மச்சான். இனிமே வெளிய ஒட்டிப் புண்ணியமில்ல. வளைவை அறுத்து உள்ள பாத்துருவோம்.”

“அறுத்தா மறுபடி சேராது மாப்ளே.”

“சேராட்டி உருக்கட்டும். இது செத்துப் போச்சு. ரெண்டு செம்பாச்சும் வரும்.”

மாமா சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார். அந்தக் குழலைக் காப்பாற்றவேண்டுமானால் அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அப்பாவைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் குழலைக் கன்னாரின் உலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சாக்கின் மறுமுனையை அப்பா இழுத்தார்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். கயிற்றை அப்பாவின் கையிலிருந்து வாங்கினார்.

“அதை அறுக்க வேணாம். நீங்க வாயைத் தொறங்க” என்றார்.

அப்பா திறக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயும் ஊதுனியே. ஒனக்கும் காத்துப் போச்சே” என்றார் அப்பா.

“ஊதுனேன்.”

“வேணும்னேவா?”

மாமா சாக்கின் முனையைக் கீழே விட்டார். அப்பா தன் மவுத்பீஸை எடுத்துக் காலுறைக்குள் போட்டார். “என்னைச் சின்னப் புள்ளையா ஆக்கிட்டீங்க, ரெண்டு பேரும்” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மாமா குழலைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின. மாமா தெருமுனைவரை வருவார். எங்கள் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடுவார். அப்பா ஆபீசுக்குப் போனார், வந்தார், மாட்டைக் கவனித்தார். மிகவும் நல்லவராக, எதற்கும் ‘சரி’ என்று சொல்கிறவராக ஆகிவிட்டார். அம்மா விரும்பியபடி அவர் மூச்சு முழுவதும் இப்போது வீட்டில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் பேசக்கூட இல்லை. அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை என்பதை அவர் பாத்திரம் கழுவும் சத்தத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இதை உடைத்தவர் செட்டு நடத்துபவர். ஒரு நாள் காலையில் குடையை இடுக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்று பேசினார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து என் செட்டைக் கெடுக்குறீங்களா? நேத்துக் கல்யாணத்துக்குப் பேஸ் வரல. பொண்ணு வீட்டுல, ‘என்னய்யா, குருவி கத்துற மாதிரி இருக்கு’ங்கிறான். சைக்கிள் கடையில போய்க் கேட்டா, ‘நேத்து மாப்ள மொறைங்க, அதான் நான் வரலை’ங்கிறாரு. போன மாசமும் இதே பதில்தான்.”

அப்பா முறை வந்த முகூர்த்தங்களுக்கு மாமா போகவே இல்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார். செட்டு நடத்துபவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். அப்பா அதற்குமேல் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். பள்ளிக்கூடம் அதே வழி என்பதால் நானும் பின்னால் நடந்தேன்.

மாமா கடையில் ஒரு டியூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார். அப்பா எதிரில் போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

“பஞ்சர் பாக்கணும்” என்றார், உதட்டைத் தூக்கிக் காட்டி.

மாமா எட்டிப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அந்தப் பல்லை ஒரு விரலால் மெதுவாக அசைத்துப் பார்த்தார். “ஒட்டுப் போட முடியாது மாப்ளே. மாத்தித்தான் ஆகணும்” என்றார். அப்பா தொட்டியிலிருந்த டியூபை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். எனக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

பொய்ப் பல் கட்டத் திருச்சியில் ஒரு சீனாக்காரர் இருந்தார். வைத்த பல்லால் சாப்பிடலாம், பேசலாம், பேஸ் ஊத முடியுமா என்றுதான் அப்பாவுக்குச் சந்தேகம். மாமா, அதை அவரிடமே கேட்டுவிடலாம், குழலையும் கொண்டுபோகலாம் என்றார். அப்பா, அம்மா, மாமா, நான், குழல் என்று பஸ் ஏறினோம். இதை மேலே போடவேண்டும் என்றார் கண்டக்டர். மேலே போட்டால் நசுங்கும், அப்புறம் சீனாக்காரர் குழலுக்கும் பல் கட்டவேண்டியிருக்கும் என்று மாமா சொன்னதில் பஸ்ஸே சிரித்தது. குழலை அம்மாதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதுவரை அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சீனாக்காரருக்கு எங்களைவிட நன்றாகத் தமிழ் வந்தது. அவர் அப்பாவின் வாயைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார்.

“முறுக்குத் திங்க கட்டியிருக்கேன். மேடையில பேச கட்டியிருக்கேன். இதுக்குக் கட்டினதில்லைங்க” என்றார்.

“மவுத்பீஸ் எந்த எடத்துல அழுத்துதுன்னு நான் ஊதிக் காட்டுறேன். பக்கத்துல வந்து பாத்துக்கங்க” என்றார் மாமா.

ஊதினார். கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த பல்வரிசைகள் கிடுகிடுவென்று ஆடின. நாற்காலியில் வாயைத் திறந்தபடி காத்திருந்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். தெருவில் கூட்டம் கூடியது. சீனாக்காரர் மாமாவின் உதட்டுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்து, கிண்ணத்தின் விளிம்பு எங்கே அழுந்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை ஊதுங்கள் என்றார். அப்புறம் இன்னொரு தடவை.

ஆடிய பற்களை எடுத்து, ஈறு ஆறி, அளவெடுத்து, கட்டு தயாராகிவர மழைக்காலம் முடிந்துவிட்டது. வழக்கத்தைவிட அகலமான அண்ணத்தட்டு வைத்து, முன்பற்களை நேராக நிறுத்தியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஊதினார். பல்கட்டு நழுவி, மவுத்பீஸில் மோதி, கணகணவென்று தரையில் விழுந்தது.

மாமா அதை எடுத்து, கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கொழலுக்கு எத்தனையோ பார்ட் மாத்தினோம். ஆளுக்கு இப்பத்தான் மொத பார்ட். படிய நாள் ஆகும்ல?” என்றார்.

நாளாகத்தான் செய்தது. அந்தக் கட்டுக்கு ஏற்றபடி அப்பாவின் மவுத்பீஸ் விளிம்பைக் கடைசல் பட்டறையில் கொடுத்து அகலமாக்கி வந்தார் மாமா. ஆபீஸ் முடிந்துவந்து அப்பா தினமும் மாட்டுக்கு எதிரில் உட்கார்ந்து ஊதுவார். வாரக்கணக்கில் வெறும் காற்றுதான். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, “அது இல்ல” என்பார். இன்னொரு நாள், “கிட்ட வந்துருச்சு” என்பார். ஒரு மாலை, ஒரே ஒரு கீழ் ஸ்வரம், ‘உஸ்’ இல்லாமல் வந்து முற்றத்தில் நின்றது. அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். திரும்பிப் போய் ஒரு முட்டையை அவிக்கப் போட்டார். அப்பா அதையே மறுபடி ஊதினார்.

மேல் ஸ்வரங்கள் வரவே இல்லை. கீழே ஐந்தாறு ஸ்வரங்கள்தான் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. செட்டு நடத்துபவர் வந்து கேட்டுப் பார்த்துவிட்டு, பாதி பேஸை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்றார்.

“மேல் பாதிக்கு நான் இருக்கேன்ல? ரெண்டு பேரும் வாரோம்” என்றார் மாமா.

“ரெண்டு பேரும் ஒரே கொழலையா ஊதுவீங்க?”

அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் குருவிச் சத்தத்தை அவர் மறந்திருக்கவில்லை. சில மாதங்கள் இழுத்தடித்து, இவர்களின் நச்சரிப்புத் தாங்காமல், திருச்சியில் பழைய வாத்தியம் விற்கும் கடையிலிருந்து இன்னொரு பேஸ் வாங்கிவந்தார். பழையதைவிடக் கைக்கு அடக்கம், அதற்குக் குறைந்த மூச்சே போதும். மாமா அதை அப்பாவின் தோளில் மாட்டிவிட்டார். “பழசோட சேட்டையெல்லாம் எனக்குத்தான் தெரியும். அது என்கிட்டயே கெடக்கட்டும்” என்றார்.

சமஸ்தான பேண்டு கலைந்தபின் இருவரும் சேர்ந்து முதலில் வாசித்தது திருவரங்குளத்தில், அப்பாவின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில். அன்று காலை அப்பா ஒன்றும் சாப்பிடவில்லை. பல்கட்டை மூன்று நான்கு தடவை எடுத்து எடுத்து மாட்டினார். பாட்டு ஆரம்பித்தது. அப்பா ஸட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லை, அவரிடம் இருந்தது அதுதான். மாமா அதன்மேல் ஏறியும் இறங்கியும் நடந்தார். பேண்டைக் கேட்டுப் பழகிய சிலர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். செட்டு நடத்துபவர், சைடு டிரம் அடித்துக்கொண்டிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அடுத்த பாட்டுக்கு இவர்கள் இருவரையும் முன்வரிசைக்கு நகர்த்தினார்கள். பேஸ் முன்வரிசைக்கு வந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கூட்டத்தில் எனக்கும் மாமாவின் மனைவிக்கும் நடுவில் அம்மா நின்றிருந்தார். பாட்டு முடியும்வரை மாமி அம்மாவின் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு ‘இரட்டை பேஸ் செட்டு’ என்று சுற்றுவட்டாரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆனபோதும், நான் ஆசிரியையாக வேலையில் சேர்ந்த வருடத்திலும், என் முதல் குழந்தைக்கு மொட்டை போட்டபோதும் அவர்கள் வாசித்தார்கள். அறுபதுகளின் கடைசிவரை அப்பா அந்த ஐந்தாறு ஸ்வரங்களை வைத்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை சீனாக்காரர் கட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார். முந்தையதைவிட இது நன்றாக உட்காருகிறதா என்று அவரே புதுக்கோட்டைக்கு வந்து, ஒரு கல்யாணத்தில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

செட்டு நடத்தியவரும் சீனாக்காரரும் இன்று இல்லை. அப்பா நிறைந்த வயதில் போனார். அம்மா அவருக்குப் பின் சில வருடங்கள் இருந்துவிட்டுப் போனார். மாமி போன ஆண்டு காலமானார். மாமா அறந்தாங்கியில் இருக்கிறார். மகன் அரபு நாட்டில் வேலை பார்க்கிறான், மருமகள் நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் அவருடன் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அவரை மாமா என்று அழைக்க நான் ஒருத்தி இருக்கிறேன்.